மலை பேசாது

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, இருமல் கூட விட்டுவிட்டது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பஸ் டிப்போவில் டிக்கெட் கவுன்ட்டரே கதி என்று உட்கார்ந்திருக்காதே, நடுநடுவே எழுந்து நட. அத்தான் எப்படி இருக்கிறார்?

போனில் சொல்லக்கூடிய சேதிதான். ஆனால் போன தடவை நீ என்ன சொன்னாய்? "போன்ல பேசினா நீ என்னையே எனக்கு வித்துடுவ. எதுவா இருந்தாலும் எழுது. எழுதினாத்தான் எங்க ஓட்டைன்னு திரும்பப் படிச்சுப் பாக்க முடியும்." சரி தாயே, எழுதுகிறேன். ஓட்டையைத் தேடு.

முதலாளி இந்த வருஷத்துப் பெரிய குத்துச்சண்டையை என் கையில் கொடுத்துவிட்டார். ஹெவிவெயிட் பட்டத்துக்கான சண்டை. இதுவரை நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? ஹோட்டல் அறை பிடிப்பேன், போஸ்டர் ஒட்ட ஆள் தேடுவேன், முதலாளியின் பெட்டியைத் தூக்குவேன். இந்தத் தடவை எதிராளியைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து இரண்டு பக்கமும் பேசிக் கையெழுத்து வாங்குவது வரை எல்லாம் நான்தான். இதை ஒழுங்காக முடித்தால் சண்டை நடத்த என் பெயரில் தனி லைசென்ஸ் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

சாம்பியனை உனக்குத் தெரியும். 'இடி' என்று பட்டப்பெயர் வைத்துக்கொண்டு குதிக்கிறானே, அந்தப் பொடியன். யாரை நிறுத்தினாலும் இரண்டாவது ரவுண்டில் படுக்க வைத்துவிடுகிறான். அதுதான் எங்களுக்குத் தலைவலி. எதிரே நிற்பவன் ஜனங்களுக்குத் தெரிந்த முகமாக இருந்தால்தான் டிக்கெட் விற்கும். பழைய சாம்பியனாக இருந்தால் இன்னும் நல்லது.

இந்நேரம் நெற்றியைச் சுருக்கியிருப்பாய். ஆமாம், அத்தானைத்தான் நினைத்திருக்கிறேன். அவரைக் கேட்டால் அடுத்த நிமிஷம் கிளம்பிவிடுவார். உன்னைக் கேட்பதுதான் முறை. ஒரே ஒரு சண்டை அக்கா, அதோடு மரியாதையாக முடித்துக்கொள்ளலாம்.

அத்தானுக்கு என் அன்பு. உன் பதிலுக்காகத் தபால்காரனை வழிமறித்துக்கொண்டிருப்பேன்.

உன் தம்பி


ஜனவரி 25

தம்பிக்கு,

உன் இருமல் விட்டதில் சந்தோஷம். சிகரெட்டும் விட்டால் அது திரும்பி வராது. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

என்னைக் கேட்பதுதான் முறை என்று எழுதியிருக்கிறாய். அந்த முறையை உன் போனுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? உன் கடிதம் வருவதற்கு நாலு நாள் முன்னாலேயே உன் அத்தான் விடிந்தும் விடியாமல் ஓடக் கிளம்பிவிட்டார். "என்ன திடீர்னு?" என்றேன். "சும்மா, தொப்பை போட்டுடுச்சு" என்றார். அவருக்குப் பொய் சொல்ல வராது. ஜிம்முக்கு நீ போன் போட்டிருக்கிறாய். இதுதான் முதல் ஓட்டை.

இப்போது நான் எழுதுவதை நிதானமாகப் படி. போன வாரம் என்னிடம் ஏதோ கேட்க வந்தார். வாசற்படியில் நின்றார். வாய் திறந்தது, சொல் வரவில்லை. கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். சாவி. சாவி என்ற சொல் வரவில்லை, தம்பி. நான் எடுத்துக் கொடுத்ததும் சிரித்தார்.

அவர் எப்படிப்பட்ட வாயாடி என்று உனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில், தூங்கும்போதாவது வாயை மூடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன். சண்டை நடக்கும்போதே எதிராளியிடம் கதை பேசுகிறார் என்று ரெஃப்ரி எச்சரித்தது பேப்பரில் வரவில்லையா? அந்த மனுஷன் இப்போது பாதி வாக்கியத்தில் நின்றுபோகிறார். ஜிம்மில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது சமாளித்துக்கொள்கிறார். வீட்டில் சமாளிப்பதில்லை.

நான் வேண்டாம் என்று ஒரே அடியாகச் சொல்லவில்லை. சொன்னால் என் மேல் பழி வரும், அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வார். ஒன்று மட்டும் கேட்கிறேன். அவரைத் தலை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. அங்கே பெரிய ஊரில் உனக்கு எல்லாரையும் தெரியும். டாக்டர் என்ன சொல்கிறார் என்று எழுது. அதற்குப் பிறகு சண்டையைப் பற்றிப் பேசலாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். எல்லாரும் என்றால் நானும் அத்தானும். பயிற்சி முகாமில் அவருக்கு ஜன்னல் பக்கத்து அறை, தனிக் கட்டில், காலையில் எட்டு முட்டை. பயிற்சியாளர் அவரைப் பார்த்துவிட்டு, "மனுஷன் இன்னும் கதவு மாதிரிதான் இருக்கார்" என்றார். நீ அங்கே தனியாக எப்படிச் சமாளிக்கிறாய்?

ஒப்பந்தம் முடிந்துவிட்டது அக்கா! என் வாழ்க்கையில் இப்படி ஒரு பேரத்தைப் பேசியதில்லை. சாம்பியன் பக்கத்து மேனேஜர் ஒரு எமகாதகன். டீ வாங்கிக் கொடுத்தால் குடிக்க மாட்டான், குடித்தால் இளகிவிடுவோம் என்று பயம். மேடை இருபது அடி வேண்டும் என்றான், அவன் ஆள் ஓடி ஆடுகிறவன். நான் பதினெட்டு அடியில் நின்றேன், அத்தான் ஆளை மூலையில் மடக்கி அடிக்கிறவர். ஒரு பக்கத்துக்கு ஒரு அடியென்று கணக்குப் பார்த்து ஒரு நாள் முழுக்க மல்லுக்கு நின்று, பத்தொன்பதில் முடித்தோம். கையுறை அவரவர் இஷ்டம். கடைசியாக அரங்குக்குள் நுழைவது சாம்பியன்தான், அதை விட்டுக்கொடுத்தேன்.

போஸ்டர் கதையைக் கேள். யார் படம் இடது பக்கம் என்று இரண்டு நாள் சண்டை. படிக்கிறவன் கண் முதலில் இடது பக்கம்தான் போகும் என்கிறான் அந்த மேனேஜர். கடைசியில் ஊரை ரயில் பாதையோடு இரண்டாகப் பிரித்தோம். இந்தப் பக்கத்துச் சுவர்களில் அத்தான் இடது பக்கம், அந்தப் பக்கத்தில் அவன். முதலாளி சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நீ பொழைச்சுக்குவடா" என்றார்.

தேதி மே 4. நடுவில் பத்திரிகையாளர் கூட்டம். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று ஒருவரை ஒருவர் திட்ட வேண்டும். அத்தானுக்கு வசனம் எழுதிக்கொண்டிருக்கிறேன், உனக்குக் காட்டினால் காதைப் பொத்திக்கொள்வாய்.

முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன். படுக்கும்போது தடவிக்கொள்.

உன் தம்பி


பிப்ரவரி 23

தம்பிக்கு,

தைலம் வந்தது. நாற்றம் தாங்கவில்லை, ஆனால் கேட்கிறது.

மேடை எத்தனை அடி என்று தெரிந்துகொண்டேன். போஸ்டரில் யார் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டேன். எட்டு முட்டை என்றும் தெரிந்துகொண்டேன். டாக்டரைப் பார்க்கத்தான் அவரை உன்னிடம் அனுப்பினேன். டாக்டர் என்ன சொன்னார்?

என் கவுன்ட்டருக்கு வந்து, எங்கே போக வேண்டும் என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்கிற ஆட்கள் உண்டு. மருமகள் சரியில்லை, மழை வரும்போல இருக்கிறது என்று வரிசையை நிறுத்திவைத்துப் பேசுவார்கள். உன் கடிதம் அப்படித்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை முகாமிலிருந்து போன் பண்ணினார். நன்றாகத்தான் ஆரம்பித்தார். பிறகு ரொம்ப மரியாதையாக, "நீங்க யார் பேசறது?" என்றார். நான் பேரைச் சொன்னதும், "தெரியும் தெரியும், சும்மா விளையாடினேன்" என்றார். அவர் விளையாடினால் எனக்குத் தெரியாதா?

உன்னிடம் மறைத்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் குளியலறையில் விழுந்தார். எழுந்தபோது வலது கை கொஞ்ச நேரம் அவர் பேச்சைக் கேட்கவில்லை. வெளியே தெரிந்தால் ஜிம் வேலையும் போய்விடும் என்று இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம். அது என் தப்புதான். இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது, டாக்டரிடம் இதையும் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. வேலை கழுத்தை நெரிக்கிறது. நான் நலம். அத்தான் நலம். நீயும் நலம் என்று நினைக்கிறேன்.

பத்திரிகையாளர் கூட்டத்தில் என்ன நடந்தது என்று நானே சொல்லிவிடுகிறேன். பேப்பரில் அரைகுறையாகத்தான் போட்டிருப்பார்கள். ஹோட்டலின் பெரிய ஹால், நிற்க இடமில்லை. இடி முதலில் வந்தான். மைக்கைப் பிடித்து அத்தானைக் கிழவன் என்றான், கிழட்டு மாடு என்றான், ஊன்றுகோல் ஒன்றைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தான். அது நாங்கள் ஏற்பாடு செய்ததுதான். அடுத்து அத்தான் முறை. நான் எழுதிக் கொடுத்த வசனம் நாலே வரி. காலையில் அறையில் வைத்துச் சொல்லிப் பார்த்தோம்.

மைக் முன்னால் வந்து நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. இடியையே பார்த்துக்கொண்டு நின்றார். கேமராக்கள் மின்னுகின்றன, ஒரு ஆள் இருமவில்லை. முதலாளி என் காலை மிதிக்கிறார். பார்த்தேன், சட்டென்று எழுந்து மைக்கை வாங்கினேன். "மலை பேசாது! மே நாலாம் தேதி, அது இவன் மேல இடிஞ்சு விழும்போது சத்தம் கேட்டுக்குங்க!" என்றேன். அக்கா, ஹால் அதிர்ந்தது. அந்தத் திமிர்பிடித்த பொடியன் முகம் வெளுத்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் எல்லாப் பேப்பரிலும் அதுதான் தலைப்பு. பழைய போஸ்டரை எல்லாம் கிழித்துப்போட்டுப் புதிதாக அடிக்கிறோம். அத்தான் முகம் மட்டும், கீழே இரண்டே சொல், 'மலை பேசாது'. இனி இடது பக்கம் வலது பக்கம் என்ற வம்பே இல்லை. பாதி டிக்கெட் ஒரே வாரத்தில் போய்விட்டது. சண்டை முடியும் வரை அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேச மாட்டார் என்று அறிவித்துவிட்டோம். அத்தானுக்கும் நிம்மதி. இல்லாவிட்டால் தினம் பத்துப் பேர் மைக்கை நீட்டுவார்கள்.

முதலாளி என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். முன் சீட்டில். பத்து வருஷத்தில் முதல் தடவை.

தைலம் தீர்ந்திருந்தால் எழுது.

உன் தம்பி


மார்ச் 29

தம்பிக்கு,

என் கவுன்ட்டருக்கு எதிர்ச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறார்கள். காலையில் டிப்போவைத் திறந்ததும் அவர் முகத்தில்தான் விழிக்கிறேன். நேற்று ஒரு கண்டக்டர், "ஏன்க்கா, வீட்லயும் பேச மாட்டாரா? குடுத்து வெச்சவங்க நீங்க" என்றான். வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அவர் ஏன் பேசவில்லை என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நாலு வரி, தம்பி. காலையில் சொல்லிப் பார்த்த நாலு வரி அவருக்கு வரவில்லை. அத்தனை பேர் முன்னால் அந்த மனுஷன் வாயில் சொல்லைத் தேடிக்கொண்டு நின்றிருக்கிறார், நீ அதை எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டாய். உனக்கு எப்படியடா மனசு வந்தது? உனக்கு வேலை இல்லாத காலத்தில் அவர்தான் தன் வாளியையும் துண்டையும் உன் கையில் கொடுத்து, இவன் என் ஆள் என்று முதலாளியிடம் கூட்டிக்கொண்டு போனார்.

அவருக்கு நிம்மதி என்று எழுதியிருக்கிறாய். யாருக்கு நிம்மதி? இனி அவருக்கு என்ன ஆனாலும் வெளியே தெரியாது. பேச முடியாத ஆளைப் பேசாத ஆளாக ஆக்கிவிட்டாய். கெட்டிக்காரன்தான்.

மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். டாக்டரிடம் போனீர்களா? என்ன சொன்னார்? மழுப்பாமல் ஒரு வரி எழுது. நீ எழுதாவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்வேன்.

இந்தச் சண்டை நீ பேசி முடித்த சண்டை. நீ நினைத்தால் நிற்கும். வேறு ஒரு முகத்தைத் தேடிக்கொள். அவரை ரயிலேற்றி அனுப்பு.

அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே?

நிறுத்து என்று எழுதுவது சுலபம். அரங்கத்துக்கு முன்பணம் போயிற்று, டெலிவிஷன்காரர்கள் நேரம் ஒதுக்கியாயிற்று, வெளியூரிலிருந்து ஜனங்கள் ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று. இப்போது பின்வாங்கினால் நஷ்டஈடு அத்தான் தலையில்தான் விழும், நம் வீடு போனால் கூடக் கட்டாது. என்னை இந்தத் தொழிலில் எவனும் வாசலில் சேர்க்க மாட்டான். அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அத்தான் மனசு என்ன என்று நீ கேட்டாயா? அவருக்கு இந்தச் சண்டை உயிர். அவரே என்னிடம்...

அதை விடு. நேரில் பேசிக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் நம்பு. அவருக்குச் சங்கடம் தரக்கூடிய எதையும் நான் முன்கூட்டியே பேசிச் சரிக்கட்டிவிடுவேன். சண்டைக்கு முந்தின நாள் விதிக் கூட்டம் இருக்கிறது. ரெஃப்ரி, நடுவர்கள், இரண்டு பக்கத்து ஆட்கள் எல்லாரும் உட்கார்ந்து பேசுவோம். என்ன கேட்க வேண்டும் என்று முடிவு செய்து வைத்திருக்கிறேன். உன் தம்பி பேச்சில் யாருக்கும் இளைத்தவன் இல்லை.

முன் வரிசையில் உனக்கு ஒரு இடம் போட்டிருக்கிறேன். ரயில் டிக்கெட் இதோடு இருக்கிறது. வந்துவிடு. உன்னைப் பார்த்தால் அத்தானுக்குத் தெம்பாக இருக்கும்.

உன் தம்பி


ஏப்ரல் 27

தம்பிக்கு,

டிக்கெட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நான் வந்தால் நிச்சயம் மேடையில் ஏறி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுவேன். அத்தனை ஜனங்கள் முன்னால் பெண்டாட்டி இழுத்துக்கொண்டு போனாள் என்ற பேர் அவருக்கு வேண்டாம்.

நேற்று அவரிடம் போனில் பேசினேன். வந்துவிடுங்கள் என்றேன், கத்தினேன், அழுதும் பார்த்தேன். ரொம்ப நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒவ்வொரு சொல்லாக, "கடைசி... ஒரு தடவை... விடு" என்றார். அந்த நாலு சொல்லைச் சேர்க்க அவர் பட்ட பாட்டைக் கேட்ட பிறகு சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

நீ டாக்டர் பற்றி எழுதவில்லை. புரிந்துகொண்டேன்.

அவர் மூலையில் நிற்கப்போவது நீதான். அவர் விழுந்தால் துண்டை மேடைக்குள் எறிந்து சண்டையை நிறுத்து. உன்னை வேறொன்றும் கேட்கவில்லை.

அக்கா


மே 23
மருத்துவமனை

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

சண்டை முடிந்த மூன்றாம் நாள், முதலாளி கூப்பிடுகிறார், ஒரு வாரத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது. அவர் கண் திறந்திருக்கிறார். நான் வந்தால் கண் என் பக்கம் திரும்புகிறது. வலது பக்கம் அசைவே இல்லை. தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். மண்டைக்குள் கட்டியிருந்த ரத்தத்தை எடுத்துவிட்டார்கள், போனது போனதுதான், இதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இங்கே டாக்டர்கள் கேட்டால் பதில் சொல்கிறார்கள்.

நேற்று ஒரு பெரியவர் வந்தார். கையில் ஆரஞ்சுப் பழப் பை. யாரோ ரசிகர் என்று நினைத்தேன். கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு, "நான்தாம்மா அன்னிக்கு ரெஃப்ரி" என்றார். நாற்காலியைக் காட்டினேன், உட்கார மாட்டேன் என்றார்.

"அஞ்சாவது ரவுண்டுல விழுந்தார்மா. எட்டு வரைக்கும் எண்ணினேன், எழுந்துட்டார். எழுந்தவங்ககிட்ட நாங்க ஒரு கேள்வி கேப்போம். எங்க இருக்கீங்க, இது எத்தனாவது ரவுண்டு, இப்படி ஏதாவது. வாயால பதில் வரணும். வரலைன்னா அங்கேயே சண்டையை நிறுத்திடுவோம். அது என் பழக்கம், இருபது வருஷமா அப்படித்தான். இவரையும் கேட்டேன். தலையை ஆட்டினார்."

"தலையை ஆட்டினா?" என்றேன்.

"விட்டுட்டேன்மா. இவர் பேச மாட்டார், தலையாட்டினாப் போதும்னு முந்தின நாள் கூட்டத்துல ஒத்துக்கிட்டோம். உங்க தம்பிதான் கேட்டார். மேடையில வாயைத் திறந்தா விளம்பரமே கெட்டுடும்னு சொன்னார். எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன்."

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு ரவுண்டு அடி வாங்கியிருக்கிறார் தம்பி. எங்கே இருக்கிறோம் என்று தெரியாமலே, மூளைக்குள் ரத்தம் கசியக் கசிய நின்று வாங்கியிருக்கிறார். துண்டு உன் தோளில்தான் இருந்ததாம்.

அந்தப் பெரியவர் அழுதார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நீ அவரைக்கூட ஏமாற்றிவிட்டாய்.

குத்துச்சண்டை வாரியம் நடத்தும் விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜூன் 28.

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நாலைந்து தாளைக் கிழித்துவிட்டேன். எனக்குத் தூக்கம் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் அவர் முகம்தான் வருகிறது. துண்டை எறிய இரண்டு தடவை கையைத் தூக்கினேன், முதலாளி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நீ நம்ப மாட்டாய்.

நீ கேட்டுக்கொண்டே இருந்தாயே, டாக்டர் விஷயம். பிப்ரவரியிலேயே காட்டினேன். முதல் டாக்டர் கூடவே கூடாது என்றார். இரண்டாவது டாக்டர் பரவாயில்லை என்று கையெழுத்துப் போட்டார். அத்தான்தான் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மச்சான், உங்க அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதடா" என்றார். நான் என்ன செய்ய?

இப்போது நடக்க வேண்டியதைப் பார்ப்போம். முதலாளியிடம் பேசியிருக்கிறேன். லேசில் ஒத்துக்கொள்ளவில்லை, தலைகீழாக நின்று சம்மதிக்க வைத்தேன். அத்தானுக்கு ஆயுசு முழுக்க வைத்தியச் செலவு, வீட்டிலேயே பகலுக்கு ஒரு நர்ஸ், ராத்திரிக்கு ஒரு நர்ஸ். எழுத்தில் கொடுப்பார். உன் சம்பளத்தில் இதெல்லாம் நடக்கிற காரியமா, நீயே யோசித்துப் பார். விசாரணையில் நீ பெரிதாக ஒன்றும் சொல்ல வேண்டாம். அவர் எப்போதுமே அதிகம் பேசாத மனுஷன் என்று மட்டும் சொல். மற்றதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

எனக்காகக் கேட்கவில்லை அக்கா. அவருக்காக.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

உன் தம்பி


ஜூலை 16

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. கடைசியில் பதில் எழுதிவிட்டாய்.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். முன் அறையில் ஜன்னல் பக்கமாகக் கட்டில் போட்டிருக்கிறேன்.

விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். உன் முதலாளியின் வக்கீல் நல்ல மரியாதைக்காரர், நாற்காலியை இழுத்துப் போட்டார். "உங்க வீட்டுக்காரர் எப்பவுமே அமைதியான சுபாவம்தானேம்மா?" என்றார். நீ சொல்லிக்கொடுத்தது அப்படியே காதில் விழுந்தது. இரண்டு நர்ஸையும் நினைத்துப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், ஆசையாகத்தான் இருந்தது. "ஆமாம்" என்று ஒரு சொல் போதும்.

என்னால் முடியவில்லை. அவரிடம் மிச்சம் இருப்பது அவர் பேசிய பேச்சு ஒன்றுதான். அதையும் நான் இல்லை என்று சொல்வதா? "வாய் ஓயாத மனுஷன்" என்றேன். "பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்க எறங்கற இடத்தை மறந்துடுவாங்க, அப்படிப் பேசுவார்" என்றேன். எப்போது முதல் சொல் தொலைந்தது, குளியலறையில் விழுந்தது, நான் மறைத்தது, உனக்கு எழுதியது எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் இரண்டு பேரையும் சொன்னேன். கூட்டத்தில் நீ என்ன கேட்டு வாங்கினாய் என்று ரெஃப்ரி ஏற்கெனவே சொல்லிவிட்டார். உங்களுக்கு முன்பே தெரியுமா என்று என்னைக் கேட்டார்கள். தெரியும் என்றேன். எனக்கும் அதில் பங்கு உண்டு.

அடுத்த வாரமே உன்னைத் தனக்குத் தெரியாது என்பதுபோல உன் முதலாளி பேப்பரில் பேட்டி கொடுத்திருந்தார். நீ இனி அந்தத் தொழிலில் இருக்க முடியாது என்று தீர்ப்பு வந்ததும் படித்தேன். எனக்குச் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. நர்ஸும் கிடையாது, வைத்தியச் செலவும் தர மாட்டோம் என்று எனக்கும் வக்கீல் கடிதம் வந்துவிட்டது. டிப்போவில் சம்பளமில்லாத லீவு போட்டிருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். பட்டத்துக்குச் சண்டை போட்ட உடம்பு, நான் ஒருத்தி தள்ளினால் அசையாது. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு நாள் வந்தார், மூன்றாம் நாள் அவருக்கே முதுகு பிடித்துக்கொண்டது. இடுப்புக்குக் கீழே ஒரு ரூபாய் அளவுக்குப் புண் வந்துவிட்டது. பிள்ளை குட்டி இல்லாத வீடு. எனக்கு வேறு ஆள் கிடையாது.

மன்னிப்புக் கேட்க வராதே, அதைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்கு நேரமில்லை. உன்னை மன்னிப்பேனா என்று எனக்கே தெரியாது. திருப்ப இரண்டு பேர் வேண்டும். தோள் பக்கம் நான் பிடித்துக்கொள்கிறேன், இடுப்புப் பக்கம்தான் கனம், அதை நீ பிடி. வரும்போது பழைய சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வா, சீழ் பட்டால் போகாது.

அக்கா